சேதுராமன் கேட்ட கேள்வி

நம்புகிறவர்கள் நம்பட்டும். அந்த அறையில் மல்லிகா, கருணாகரன், பொன்னுதுரை, நான் என்று நான்கு பேர் இருந்தோம். நால்வரும் காதால் கேட்டோம். கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

1957 ஜூலை பதினாறு, செவ்வாய்க்கிழமை. மலாய் மண்ணின் சுதந்திரத்துக்கு ஆறு வாரம் இருந்தது. காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் மாலை வகுப்பு நடக்கும். ஐந்தரைக்கு முடிந்துவிடும். நாங்கள்தான் எழுந்திருக்க மாட்டோம். குடியுரிமை எடுத்து இங்கேயே இருப்பதா, கப்பலேறி இந்தியா போவதா? தினமும் இதே விவாதம். எனக்கு அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அடுத்த கப்பலுக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார் அப்பா. வருகிறேனா இல்லையா என்று அன்று வீடு திரும்பியதும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் விவாதத்துக்கு ஒரு விதி உண்டு. கேட்பவர் கையில் கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி இருக்கும். கேட்டுவிட்டு அதை யார் கையில் வைக்கிறாரோ, அவர் பதில் சொல்லியே தீர வேண்டும். விதியைப் போட்டவன் சேதுராமன். என் பெஞ்சில், என் இடப்பக்கம், சுவரோரமாக உட்காருவான். எல்லோரும் எழுந்த பிறகு, "ஒரே ஒரு கேள்வி" என்று மறுபடி உட்கார வைப்பான். போன வெள்ளிக்கிழமைதான் தாயாரோடு கப்பலேறியிருந்தான். அவன் இடம் காலி.

6.35. நல்ல மழை. கரண்டு போனது. மேகம் கவிந்து அறை கும்மிருட்டானது.

"மழ விடட்டும்லா, பேசிக்கிட்டு இருப்போம்" என்றாள் மல்லிகா.

"ஒரே ஒரு கேள்வி..."

சிரித்துவிட்டோம். கருணாகரன் அச்சு அசலாகச் சேதுவைப் போலப் பேசுவான்.

"கப்பல்ல கீழ்த்தட்டுல காத்து வருமா?"

"வராது. எங்க மாமாவுக்கு மூச்சே முட்டிப் போச்சாம்" என்றான் பொன்னுதுரை. பிறகு, "கட்டிய ஏன்டா நனைச்சே?" என்றான்.

கட்டியை அவன் பெஞ்சில் வைக்கும் சத்தம் கேட்டது.

6.42. என் கைக்கடிகாரத்தின் முள் இருட்டில் மின்னும்.

"ஒரே ஒரு கேள்வி... தண்ணி கேட்டா குடுப்பாங்களா?" குரல் கரகரத்தது.

"அளந்துதான் குடுப்பாங்க" என்றாள் மல்லிகா. உடனே, "ஐயோ, கட்டி சுடுது" என்று உதறினாள்.

டொக்... டொக்... தரையில் உருண்டது. யாரோ எடுக்கிற சத்தம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

6.50.

"ஒரே ஒரு கேள்வி... செத்துப் போனா எங்க போடுவாங்க?"

என் இடது உள்ளங்கையில் சுண்ணக்கட்டி அழுந்தியது. ஈரம். நெருப்பாய்ச் சூடு. கருணாகரன்மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கடல்லதான். வேற எங்க?"

ஒரு நீண்ட மூச்சு... அவ்வளவுதான்.

தீக்குச்சி உரசும் சத்தம். கருணாகரன் நின்றது வாசற்படியில். இருபதடி தள்ளி.

"நீ எப்படா அங்க போனே?" என்றேன்.

"கரண்டு போனதிலேர்ந்து இங்கதான் நிக்கிறேன். உன் பெஞ்சுலேர்ந்து கேள்வி கேட்டது யாரு, ஜெயபாலா?"

என் இடப்பக்கம் பார்த்தேன்.

காலி இடம்.

சுவர்.

அன்று அப்பாவிடம் வாயே திறக்கவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பெட்டி கட்டத் தொடங்கினோம்.

மூன்றாம் வாரம் நாகப்பட்டினத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சேதுவின் தாயார் சாரதாம்பாள் எழுதியிருந்தார்.

'கப்பலில் மூன்று நாளாக அவனுக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் வேளையில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "கடல்லதானாம்மா" என்றான். யாரப்பா சொன்னது என்று கேட்டேன். "ஜெயபாலன்" என்றான். அன்று இரவே உயிர் போய்விட்டது. விடிந்ததும் கடலில் இறக்கினார்கள்.'

டிக்கெட்டை அன்றே திருப்பிக் கொடுத்தேன். அப்பா தனியாகப் போனார்.

கடிதத்தின் கடைசி வரி இது: 'அவனிடம் அதை நீ எப்போது சொன்னாய், தம்பி?'

விதிப்படி பதில் சொல்லியே தீர வேண்டும். அந்த அம்மாவுக்கு இன்றுவரை நான் ஒரு வரிகூட எழுதவில்லை.