பாயம்மாவுக்கு வீடு பார்த்தது

"முஸ்லிம்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று வாசலில் நின்று கேட்டால் யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? சென்னையிலிருந்து கேள்விகளை எழுதி அனுப்பிய பேராசிரியருக்கு இது தோன்றவே இல்லை. அகதிப் பெண்களைப் பற்றிய ஆய்வு அது; ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. முகாமில் இருக்கும் பெண்களிடமும் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களிடமும் பேசிப் பதிவு செய்வது என் வேலை. எனக்குச் சொந்த ஊர் ரிஷிவந்தியம் பக்கம். அதனால் ஜனங்கள் என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நம்பி என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். "நல்ல ஜனங்கதாங்க, நமக்கு இன்னா இருக்குது" என்று ஆளுக்கு ஆள் ஒப்பித்தார்கள். நானும் அதையே எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவேன்.

நைனார்பாளையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது இலங்கை அகதிகள் முகாம். அதில் முஸ்லிம் குடும்பம் ஒன்றே ஒன்று. மன்னார் பக்கத்திலிருந்து படகேறி வந்த தாயும் மகளும். தாய்க்கு ஐம்பதை நெருங்கிய வயது. தலையில் முக்காடு நழுவாது. ஊரில் எல்லோருக்கும் அவர் பாயம்மா. மகள் நிறைமாதக்காரி. மருமகன் கட்டட வேலைக்குக் கேரளத்துக்குப் போயிருந்தான். கல்வராயன் மலைப்பக்கம் கருத்தால் கொஞ்ச நேரத்தில் முகாமில் மழை. இவர்கள் கூரையின் தகரம் ஒரு காற்றில் பிய்த்துக்கொண்டு போனதால் மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டியிருந்தார்கள். முகாமுக்கு வெளியே தங்க அதிகாரிகளின் அனுமதி கிடைத்துவிட்டது. பிரசவத்துக்குள் ஒழுகாத ஒரு வீடு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"நீங்க இந்தப் பக்கத்துப் பிள்ளை. வீடு பாக்க என்னோட ஒருக்கா வாங்கோ" என்றார் பாயம்மா.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஓட்டுவீட்டின் பக்கத்து அறை காலியாக இருந்தது. அந்த வீட்டுக்காரி இளம்பெண், கைக்குழந்தைக்காரி. புருஷன் டெம்போ ஓட்டுகிறவர். என் கேள்விக்கு "நல்ல ஜனங்க" என்று முதலில் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. அந்தத் தெம்பில்தான் பாயம்மாவை அங்கே அழைத்துப் போனேன். நோன்பென்று பாயம்மா வேண்டாமென்ற மோரை எனக்குக் கொடுத்தாள், அறையைத் திறந்து காட்டினாள். "சுண்ணாம்பு அடிக்கணுங்க. அடிச்சிட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்றாள். பிறகு என்னைக் குழாயடிக்கு ஜாடை காட்டிக் கூப்பிட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. கறி வாசன ஜாஸ்தியா இருக்கும். தெருவுல பேசுவாங்க."

"நீயுந்தான ஞாயித்துக்கெழம கறி எடுக்கிற?"

"அது வேறங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீடு அவளுடையது, நான் என்ன சண்டையா போட முடியும்? திரும்பும் வழியெல்லாம் பாயம்மா அறையின் ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். "சுண்ணாம்பு எப்ப அடிப்பினம்?" என்று கேட்டார். சீக்கிரம் அடிப்பார்கள் என்றேன்.

எங்கள் பக்கத்தில் குழந்தை பயந்து வீறிட்டால் அந்தி நேரத்தில் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஓதி முகத்தில் ஊதினால் சரியாகிவிடும் என்பது நம்பிக்கை. நிற்கிற தாய்மார் அநேகமாக எல்லோருமே இந்துக்கள். என்னையும் என் அம்மா அப்படித் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த வாரம் ஆய்வுக்காக நான் அங்கே போயிருந்தேன். நோன்பு மாதம், மகளுக்குக் கஞ்சி வாங்கப் பாயம்மாவும் தூக்குவாளியோடு வந்திருந்தார். வரிசையில் வீட்டுக்காரியும் நின்றாள். அவள் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுதது.

பாயம்மாவைப் பார்த்ததும் வரிசையை விட்டு ஓடிவந்தாள். "நீங்க வெச்சிக்கிங்க பாயம்மா. உங்க கையில இருந்தா ஊதுறது பலிக்கும்" என்று குழந்தையை அவர் கையில் திணித்தாள். ஊதுகிறவர் முஸ்லிம் என்றால் ஏந்துகிறவரும் முஸ்லிமாக இருந்தால் இன்னும் விசேஷம் என்று அவளாக ஒரு கணக்கு. பாயம்மா தூக்குவாளியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை மார்போடு சாய்த்துக்கொண்டார். பெரியவர் ஒருவர் ஓதி ஊதினார். குழந்தை விம்மி விம்மி அடங்கியது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அறை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துவிட்டேன்.

"அப்ப அந்த ரூம்?" என்று நானே பேச்செடுத்தேன்.

வீட்டுக்காரி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "இது சாமி விஷயங்கக்கா. வூடு வேற" என்றாள். பாயம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். என் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் நான் முகாமில் இருந்தபோது வீட்டுக்காரி குழந்தையோடு வந்தாள். அன்று பகலெல்லாம் பெய்த மழை இன்னும் விடாமல் தூறியது, பாதை சேறாகிக் கிடந்தது. "ராத்திரியெல்லாம் நல்லா தூங்கிச்சிங்க. மூணு நாளைக்கு ஊதணுமாம். இன்னிக்கும் வர்றீங்களா, பாயம்மா?"

பாயம்மா குழந்தையைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். "ஊதுறதுக்கு நான் வேணும். என்ட மகள் பெத்தா, அந்தப் பிள்ளை அழுகிற சத்தம் உங்கட வீட்டில கேக்கக் கூடாதோ?"

வீட்டுக்காரியின் கண் கலங்கிவிட்டது. "அவரு கத்துவாருங்க. என் கையில இன்னா இருக்குது?" என்றாள். அது பொய்யில்லை என்றுதான் எனக்குப் பட்டது. குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. பாயம்மா கையை நீட்டிக் குழந்தையை வாங்கி, முந்தானையால் அதன் தலையை மூடிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தார். வீட்டுக்காரி பின்னாலேயே போனாள்.

துணைக்கு இருக்கலாம் என்று நான் குடிசைக்குள் குனிந்து நுழைந்தேன். மகள் தரையில் உட்கார்ந்து, வயிறு இடிக்க இடிக்க முன்னால் சாய்ந்து, பாத்திரங்களைப் போர்வையில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மழை தாளில் விழுந்த சத்தத்தில் வெளியே பேசியது அவளுக்குக் கேட்டிருக்கவில்லை; பள்ளிவாசலில் நடந்ததையும் பாயம்மா அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"கைப்பிள்ளையோட வீட்டம்மா வந்து நிண்டதைக் கண்டனான், அக்கா" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "சாவி கொண்டு வந்தவவோ?"