பேரீச்சம்பழத்துக்குத் தெளிந்த மயக்கம்

சென்ற நோன்பில் ஒருநாள், பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்குச் சற்று முன், கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஆரு?"

அவள் முகமெல்லாம் வியர்வை. இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்த வீடே அந்தக் கேள்வியில் ஆடிப்போனது.

"ஜின் பார்வைதான்" என்றார் என் மூத்த சகோதரியான ராத்தா.

"நோன்பு மாசத்துல ஷைத்தானக் கட்டியெல்லோ வெச்சிரிக்கி?" என்றேன்.

"ஒங்கட கதைய வெச்சிட்டு ஓதின தண்ணியக் குடுங்க தம்பி."

பள்ளியில் பாங்கு சொன்னதும் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்தோம். தெளிந்துவிட்டாள்.

திரும்பத் திரும்ப இப்படியே வந்தது. ஒவ்வொரு முறையும் நோன்பு திறந்த பிறகுதான் டொக்டரிடம் கூட்டிப்போனேன். இரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் சரியாகவே இருந்தன. வலிப்புக்கு மாத்திரை தந்தார்கள்.

கடைசியில், அரிய நோய்களை ஆராயும் ஒரு டொக்டர் கேட்டார்: "தெளியிறத்துக்கு முந்தி என்ன குடுத்தீங்க?"

"பேரீச்சம்பழம்."

"இத ஏன் ஆருக்கும் சொல்லல்ல?"

வார்டில் பட்டினி போட்டு, அவள் தடுமாறிய நேரத்திலேயே இரத்தம் எடுத்தார். இரத்தத்தில் சீனி அடிமட்டத்தில் இருந்தது. பேரீச்சம்பழம் அதை ஏற்றிவிட்ட பிறகே நான் கூட்டிப்போனதால்தான் முன்பு தெரியவில்லை. கணையத்தில் இன்சுலினை அள்ளிக் கொட்டும் ஒரு சிறு கட்டி, மிக அரிதானதாம். சத்திரசிகிச்சையில் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்தேன்.

தன் ஆராய்ச்சியில் சேர்க்க டொக்டர் அவளிடம் சம்மதம் கேட்டார்.

"ஓம், எழுதுங்க. ஜின் எண்டு மட்டும் எழுதிராதீங்க" என்று சிரித்தாள்.

இப்போது வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும், கடைசியாக எப்போது சாப்பிட்டார், என்ன கொடுத்ததும் மாறியது என்பதை டொக்டரிடம் முதலில் சொல்கிறேன். உடம்புக்கு வருத்தம் வந்த நேரத்திலேயே கூட்டிப்போகிறேன், பாங்குக்குக் காத்திருப்பதில்லை.