தாகம் தெரிந்த காட்டேரிகள்

கையில் ஊசி ஏறி, குழாயில் சிவப்பு ஓடத் தொடங்கியதும் நங்கை என்னைப் பார்த்து, "போட்டு உடு அம்மிணி" என்பார். நான் கைப்பேசியை அவருடைய டிபன் டப்பாவின்மேல் சாய்த்து வைப்பேன். திரையில் மூடுபனிக்குள் ஒரு குதிரைவண்டி வரும், அல்லது விளக்கில்லாத ஒரு பெரிய மாளிகை. அதன்பின் மதியம்வரை யாராவது யாருடைய கழுத்திலாவது பல் பதித்துக்கொண்டிருப்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் டயாலிசிஸ் இயந்திரம் நங்கையின் இரத்தத்தை இழுத்துக் கழுவித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பார்க்க வரும் உறவினர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் ஒருவர்தான் இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சிரித்தவர்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்போம். நாமகிரிப்பேட்டையில் மஞ்சளும் மரவள்ளியும் விளையும் காடு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காட்டு வேலையிலும் வீட்டு வேலையிலும் பாதியைத் தோளில் போட்டுக்கொண்டவர் அவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது தெரிந்தபோது அண்ணன் தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தான். அவனுக்குச் சர்க்கரை என்று வேண்டாமென்றுவிட்டார்கள். எனக்கு இரத்த வகை பொருந்தவில்லை. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் அண்ணன் காரில் அழைத்துவந்து சேலம் அஸ்தம்பட்டியிலிருந்த டயாலிசிஸ் மையத்தில் இறக்கிவிட்டுக் காட்டைப் பார்க்கத் திரும்பிவிடுவான். சேலத்தில் குடியிருப்பவள், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் என்பதால் கூட உட்காருவது என் பங்காயிற்று. மடியில் லேப்டாப்போடு அந்தக் கட்டிலோரம் நான் கழித்த காலைகளை இப்போது நினைத்தாலும் முதுகு வலிக்கிறது.

காட்டேரிப் படப் பைத்தியம் நோய்க்கு முன்பே வந்ததுதான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வீடே கண்ணயரும் நேரத்தில், தமிழில் பேசவைத்த ஆங்கிலப் படங்களைத் தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் பார்ப்பாராம். அதெல்லாம் வேடிக்கைக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகுதான் அவர் பொறுக்கிப் பார்க்கத் தொடங்கினார். கோரைப்பல்லும் அலறலுமாக வரும் படங்களைக் கொஞ்ச நேரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார். "இதுல பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரத்தம் குடிக்குதே தவிர எதுக்குக் குடிக்குதுன்னு எடுத்தவனுக்கே தெரியல." திகில் படம் பிடித்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை என்று அவர் தேர்ந்தெடுத்தவை வேறு மாதிரி இருந்தன. ஓயாமல் மழை பெய்யும் ஊரில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு காட்டேரி, சட்டைக் காலருக்கு அளவெடுக்கும்போதெல்லாம் கை நடுங்குவதை மறைக்கப் பாடுபடும் படம் ஒன்று. ஒரு துளி இரத்தம்கூடக் காட்டாத பழைய கறுப்பு வெள்ளைப் படம் இன்னொன்று. அதில் விருந்துக்கு வந்தவன் எல்லோர் கையிலும் இருக்கும் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருப்பான், தன் கோப்பையைத் தொடமாட்டான்.

அந்தப் படத்தை எத்தனையோ தரம் போடச் சொன்னார். ஏன் என்று ஒரு சித்திரை மாதத்தில்தான் எனக்குப் புரிந்தது. வெளியே ஏற்காடு சாலையில் தார் இளகிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் போனவர்களுக்குத் தண்ணீர் அளவுதான். நாள் முழுதுக்கும் ஒரு சின்னப் பாட்டில். நங்கை ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் ஒதுக்கி, அது கரைவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே சொன்னார்: "தாகம்னா என்னன்னு இந்தப் படம் எடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்குது அம்மிணி." நான் குடிப்பதற்குத் திறந்த பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தேன். "நீ குடி சாமி. நீ குடிக்கறதப் பாக்கறதும் ஒரு படந்தான்" என்றார்.

ஒருநாள் யாரோ ஒரு நோயாளியின் வீட்டார் நர்சிடம் சண்டைக்குப் போனார்கள். உயிருக்குப் போராடுகிற இடத்தில் பேயும் இரத்தமும் ஓடுவது ஆகாது என்றார்கள். நர்ஸ் தயங்கித் தயங்கி வந்து சொன்னார். நங்கை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். அந்தக் காலை நகரவே இல்லை. அப்போதுதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்ந்த பெரியவர் அவர். அதுவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏனுங்மா, நிறுத்தீட்டீங்களா? அந்த டாக்டரு கடைசில தப்பிச்சானுங்களா?"

"எந்த டாக்டருங்க?" என்றார் நங்கை.

"அதானுங்க, கழுத்துல டேப்பு வெச்சுப் பாப்பானே."

நங்கை சிரித்த சிரிப்பில் இயந்திரம் கத்தத் தொடங்கி நர்ஸ் ஓடிவந்தார். இத்தனை நாளும் கண்டக்டர், சத்தம் கேட்காமல், பக்கவாட்டிலிருந்தே படங்களைப் பார்த்துத் தனக்குத் தோன்றிய கதையை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "அவன் டாக்டரு இல்லீங்க, தையக்காரன்" என்று ஆரம்பித்து நங்கை முழுக்கதையையும் சொன்னார். அன்றுமுதல் அங்கே படம் ஓடவில்லை, கதை ஓடியது. வீட்டில் பார்த்துவிட்டு வந்து கட்டிலில் படுத்தபடி சொல்வார். ஒரு படம் முடிய ஒரு வாரமும் ஆகும். சண்டை போட்ட வீட்டாரும் நாற்காலியைக் கொஞ்சம் இந்தப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். நான்தான் எதையும் முழுதாகக் கேட்கவில்லை. காதில் அலுவலகக் கூட்டம் ஓடும், அல்லது கண் சொக்கிவிடும்.

கேட்ட ஒரு கதை என்னைக் கலக்கியது. பலநூறு வருஷம் வாழ்ந்து சலித்த ஒரு காட்டேரி, விடியும் நேரத்தில் தானே கதவைத் திறந்துகொண்டு வெயிலுக்குள் நடந்துபோய்விடும். அந்த மாதத்தில் நங்கை அடிக்கடி அலுப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கை முழுக்க ஊசித் தழும்பு, தூக்கம் இல்லை, வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. அண்ணன் வரும்வரை வாசலில் காத்திருந்தபோது கேட்டேவிட்டேன்.

"நங்கை, ஊசி போடறத நிறுத்தீரலாம்னு நெனைக்கறீங்களா?"

"அந்தப் படத்த வெச்சா கேக்கற? அது முடிக்கத் தெரியாதவன் எடுத்த படம். கதைய எங்க கொண்டுபோறதுன்னு தெரியாம வெயில்ல தள்ளி உட்டுட்டான்."

"இல்லீங்க, அலுப்பா இருக்குதுன்னு சொன்னீங்கல்ல..."

"அலுப்பாத்தான் இருக்குது. அலுப்பு வேற, போதும்ங்கறது வேற. எனக்கு இன்னும் போதும்னு தோணுல."

போதும் என்று தோன்றுவதற்கு முன்பே போய்விட்டார். ஐப்பசி மழையில் சளி பிடித்தது, நெஞ்சில் நீர் கோத்தது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வராந்தாவில் ஒரு காலி டம்ளரோடு நின்றிருந்தான். "தண்ணி கேட்டா. குடுக்கலாமான்னு கேட்டுட்டு வரலாம்னு போனேன். வாரதுக்குள்ள..." என்றான். இன்றுவரை அவன் வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கு, அவர்கள் உட்காருமுன்பே, அவனே தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறான்.

காரியமெல்லாம் முடிந்தபின், அவருடைய போர்வையையும் தலையணையையும் எடுத்துவர அஸ்தம்பட்டிக்குப் போனேன். சட்டென்று எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்றிருந்தேன். கண்டக்டர் கையைத் தூக்க முடியாமல் கண்ணால் கூப்பிட்டார். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கி, கேட்டார். "கேக்கக் கூடாதுதானுங்க. அந்தப் பனி மலையில, காட்டேரியும் சமையக்காரியும் தனியா மாட்டிக்கிட்டாங்க. கதவ மூடிப் பனி விழுந்திருச்சு. அந்தச் சமையக்காரி தலகாணிக்கு அடியில கத்திய வெச்சுட்டுப் படுத்துச்சு. அதோட நிக்குதுங்க. அப்பறம் என்னாச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதை நடந்தபோது நான் தூங்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நான் முழுதாகப் பார்த்த முதல் காட்டேரிப் படம். இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டுப் படுத்தேன், எழுந்து மறுபடி பார்த்தேன். அடுத்த நாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். நங்கையின் கட்டிலில் வேறொரு பெண், கண்ணை மூடிப் படுத்திருந்தார். கையில் புதுக் கட்டு. நான் கண்டக்டரின் பக்கம் குனிந்து, அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவாகாதபடி மெதுவாகச் சொன்னேன். காட்டேரிக்குத் தாகம் தாங்கவில்லை. சமையற்காரியின் கதவுவரை வருகிறது. கத்தியோடு அவள் எழுந்து நிற்கிறாள். அது திரும்பிப்போய், வாசலை அடைத்த பனியை வெறுங்கையால் தோண்டுகிறது. வழி திறந்ததும் அவளைப் போகச் சொல்கிறது.

"போயிட்டாளுங்களா?" என்றார் கண்டக்டர்.

"போறா. ஆனா பாதி வழியில..."

மூடிய கண்ணைத் திறக்காமலே பக்கத்துக் கட்டிலிலிருந்து அந்தப் பெண் சொன்னார்: "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் கேக்கலீங்க."