பெரிய மாமாவின் படம்

என் அப்பா இங்கே பர்மாவில், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஒரு கம்யூனிஸ்ட் தலைவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள் என்ற செய்தி வந்ததும், பேப்பரில் இருந்த படத்தை வெட்டி, லத்தா கடைத்தெருவில் சட்டம் போட்டு, முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்று வீட்டில் மீன் சமைக்க விடவில்லை.

பிறகு கல்யாணமாகி வந்த என் மனைவி, படத்தில் இருப்பவர் அப்பாவின் அண்ணன் என்றே நினைத்துக்கொண்டாள். நிறமும் எங்கள் நிறம்தான், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்து, "பெரிய மாமா" என்று கும்பிடுவாள். சோம்பேறி நான், உண்மையைச் சொல்ல இரண்டு வருடம் ஆனது. "இருந்துட்டுப் போறாரு, நல்ல மனுசன்தானே?" என்று பொட்டு வைப்பதைத் தொடர்ந்தாள்.

போன வருடம் ஒரு காலையில் வார்டு ஆபீஸ்காரர் இரண்டு சிப்பாய்களோடு வந்தார். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலுக்காக வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். எங்கள் ஒரே மகனுக்கு இருபத்துமூன்று வயது. அவன் பெயரை எழுதிக்கொண்டார்கள். நான் தேநீர் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

கிளம்பும்போது ஒரு சிப்பாய் படத்தைப் பார்த்து, "யார் இது?" என்று பர்மிய மொழியில் கேட்டான். கம்யூனிஸ்ட் என்று தெரிந்தால் குலுக்கல்வரை காத்திருக்க மாட்டார்கள், மகனை அப்போதே வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மனைவிதான் பட்டென்று அதே மொழியில் சொன்னாள், "எங்க பெரிய மாமா. செத்துப் போயிட்டாரு."

அவன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கலாக்கள் எல்லாம் ஒரே கருப்புதான்" என்று சிரித்தான். எங்களைப் போன்ற இந்திய வம்சத்தவரை இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. நானும் சிரித்தேன். அவனைவிடச் சத்தமாகவே சிரித்தேன்.

அவர்கள் படியிறங்கியதும் மகன் கேட்டான், "எதுக்குப்பா சிரிச்சீங்க?"

"உனக்காகத்தான்டா" என்றேன். அவன் நம்பவில்லை. நானும்தான்.

அடுத்த மாதக் குலுக்கலில் அவன் பெயர் விழுந்தது. இப்போது அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு எங்கேயோ நிற்கிறான். போனும் வருவதில்லை.

மனைவி இன்றும் வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிறாள். "பெரிய மாமா, புள்ளயப் பாத்துக்கோங்க" என்கிறாள். எனக்கும் கேட்க வேண்டும்தான். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதானே சிரித்தேன்? எந்த முகத்தோடு கேட்பது? எழுந்து வெளியே போய்விடுகிறேன்.