காய்ந்த துணியும் ஒரு வாளித் தண்ணீரும்

கண்டக்டர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் தெருவில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. தபால்காரர்கூட "கண்டக்டர் வீடு எது?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். முப்பத்திரண்டு வருடம் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன மனிதருக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியவில்லை. வேலையை விட்ட மறுநாளே மனைவியிடம் ஏதாவது வேலை கொடு என்று போய் நின்றார். சமையலறைக்குள் விட்டால் டப்பாக்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி வைத்து, உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் பண்ணிவிடுவார் என்று அவள் பயந்தாள். துணி காயப்போடும் வேலையைக் கொடுத்து மொட்டை மாடிக்கு அனுப்பி வைத்தாள்.

அது தப்பாகப் போனது என்று சொல்ல முடியாது. நாற்பது பேர் உட்காரும் வண்டியில் எழுபது பேரை ஏற்றிப் பழகிய கை அது. ஒரே கொடியில் இரண்டு வீட்டுத் துணியையும் அடைத்துவிடுவார். சட்டையின் தோளும் பக்கத்துச் சட்டையின் தோளும் ஒரே கிளிப்பில் சேர்ந்து நிற்கும். படுக்கை விரிப்புகள் இரண்டு ஓரத்திலும். நடுவில் புடவை, பேண்ட். கைக்குட்டையும் காலுறையும் அரை டிக்கெட்டுகள், எந்த இடுக்கிலும் நுழைந்துகொள்ள வேண்டியதுதான். மாடியில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, "உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் இருக்கு பாரு" என்று துணிகளை அதட்டுவார். எதிர் வீட்டுப் பல் டாக்டர் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு இதை தினமும் வேடிக்கை பார்ப்பார்.

இரண்டாவது வீடு என்றது அவருடைய தம்பி வீடு. தம்பி தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். அண்ணனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அப்பா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அவனைப் படிக்க வைத்தது, கல்யாணம் பண்ணி வைத்தது எல்லாம் கண்டக்டர்தான். அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது, "மாடி சும்மாதானே கிடக்கு, வந்து இரு" என்று தன் வீட்டு மேல் போர்ஷனைக் கொடுத்ததும் அவர்தான். அப்படிப்பட்ட அண்ணன் தம்பி மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு வெள்ளைச் சட்டை.

தம்பி ஒரு மோட்டார் கம்பெனியில் வேலைக்கு நேர்முகத்துக்குப் போக வேண்டிய நாள். அதற்காகத் துவைத்துப்போட்ட வெள்ளைச் சட்டையை, போர்வைக்கு இடம் வேண்டும் என்று கண்டக்டர் கொடியின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். காற்று அதை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துப் பெயிண்ட் கடையின் பின்கட்டில் இறக்கியது. சட்டை திரும்பி வந்தபோது பாதி பச்சையாக இருந்தது.

"எல்லாரையும் பின்னாடி தள்ளியே பழகிட்டே நீ. என் சட்டையையுமா தள்ளணும்?" என்று தம்பி கத்தினான்.

கத்திவிட்டுப் போயிருந்தால் சாயந்திரத்துக்குள் ஆறியிருக்கும். கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "டிக்கெட் எடுக்காம ஏறினவன் சீட்டுக்குச் சண்டை போடாதே" என்று சொல்லிவிட்டார்.

தம்பி கட்டம் போட்ட பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனான், அந்த வேலையும் கிடைத்தது. சாயந்திரம் வந்து மாடியில் தனக்கென்று இன்னொரு கொடி கட்டினான். அண்ணன் கொடிக்கு இணையாக, ஆறடி தள்ளி. சட்டை அன்றைக்கே மறந்துபோனது. அந்தச் சொல்தான் போகவில்லை. தான் தூக்கி வளர்த்த பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டோமே என்று கண்டக்டருக்கு உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்பது என்றால் அவருக்கு நாக்கில் பூட்டு. சில்லறை இல்லை என்று ஆயிரம் பேரை இறக்கிவிட்டவருக்கு, தப்பு என்னுது என்று ஒருவனிடம் சொல்ல வரவில்லை.

தம்பி வீட்டுக்கு வெளிப்பக்கமாகப் படி. ஸ்கூட்டர் நிறுத்துவது பின்வாசலில். அதனால் ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது ஒரே இடத்தில்தான். காலை ஆறே முக்காலுக்கு, மொட்டை மாடியில். தம்பியும் தன் வீட்டுத் துணியைத் தானே காயப்போடத் தொடங்கியிருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு இவர் உதறுவார், அவன் உதறுவான். இவர் தொண்டையைச் செருமுவார். கொஞ்ச நேரம் கழித்து அவன் செருமுவான். அரை மணி நேரம் இப்படிப் போகும்.

பேசாவிட்டால் என்ன, கொடியைப் பார்த்தாலே கண்டக்டருக்கு எல்லாம் தெரிந்துவிடும். வேலைச் சட்டையில் கிரீஸ் கறை அதிகமாக இருந்தால் அந்த வாரம் அவனுக்கு வேலை நெருக்கடி. தம்பி மகள் உயரமாகிவிட்டாள், பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கியிருக்கிறார்கள். ஒரு தடவை மூன்று நாள் தம்பிக்குப் பதில் அவன் மனைவி துணி காயப்போட வந்தாள். கொடியில் துண்டும் போர்வையும் மட்டும். அவனுக்குக் காய்ச்சல் என்று கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டார். அந்த மூன்று நாளும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் அவன் வாளியோடு வந்து நின்றபோது, அவர் காலுறையைக் கைக்குட்டை என்று நினைத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டுக்குத்தான் உலை வைத்தாள் அவர் மகள். வெளியூரில் வேலை பார்ப்பவள். போன மழைக்காலத்தில் வந்திருந்தபோது தலையணை உறையை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வாசலில் ஒரு வண்டி வந்து நின்று, துணி உலர்த்தும் மெஷினை இறக்கிவிட்டுப் போனது.

"இனிமே அப்பா மாடி ஏறி இறங்க வேண்டாம். முட்டி வலிக்குதுன்னு சொல்றாரு இல்ல?" என்றாள் மகள் போனில்.

"எனக்கு எப்பம்மா முட்டி வலிச்சுது?" என்றார் கண்டக்டர், முட்டியைத் தடவிக்கொண்டே.

முதல் தடவை ஓட்டியபோது அதன் வட்டக் கண்ணாடி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். சட்டையும் புடவையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உருண்டன. "வண்டி குடை சாஞ்ச மாதிரி இருக்கு." என்றார். துணி சுருங்கும் என்றார். சுருங்கவில்லை. கரண்ட் பில் எகிறும் என்றார். மகள் கட்டுகிறாள் என்று பதில் வந்தது. ஒரு காலுறையைத் தின்றுவிட்டது என்றார். காலுறை அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது, மனைவி எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"வெயில்ல காயுற துணிக்கு ஒரு வாசனை இருக்குடி. அது இதுல வருமா?" என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டுப் பார்த்தார்.

"உங்களுக்கு ஜலதோஷம் பிடிச்சே நாலு நாளாச்சு. எந்த வாசனை தெரிஞ்சுது?" என்றாள் அவள்.

வெயிலாவது வாசனையாவது. தம்பியைப் பார்க்க அந்த மாடியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்பதுதான் விஷயம். அதைச் சொல்ல முடியுமா? மூன்று வருடமாக, "அவன் வந்து பேசட்டும், எனக்கென்ன" என்று முறுக்கிக்கொண்டு திரிந்தவர் ஆயிற்றே. கையில் ஈரத்துணி இல்லாமல் மாடிக்குப் போனால், தன்னைப் பார்க்கத்தான் அண்ணன் வருகிறார் என்று தம்பி கண்டுபிடித்துவிடுவான். அதைவிட மானக்கேடு வேண்டாம்.

எனவே கண்டக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். மெஷின் சாயந்திரமே துணியை மொறுமொறுவென்று காய வைத்து, மனைவி மடித்தும் வைத்துவிடுவாள். காலையில் அவள் குளிக்கப் போனதும், அந்த மடித்த துணியில் பத்து உருப்படியை வாளியில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறுவார். அங்கே கீழ் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. காய்ந்த துணியை அதில் நனைத்து, பிழிந்து, உதறி, கொடியில் போடுவார். சரியாக ஆறே முக்காலுக்குத் தம்பி ஈரத்துணியோடு வந்து சேர்வான். சொட்டச் சொட்டத் தொங்கும் சட்டையைப் பார்த்து, மனிதன் உழைக்கிறான் என்று நினைத்துக்கொள்வான். பத்து மணிக்கு வெயிலில் காய்ந்ததும் எடுத்து, மனைவி கடைக்குப் போன நேரமாகப் பார்த்து அலமாரியில் வைத்துவிடுவார். மடிப்பு மட்டும் ஒரு நாளும் அவள் மடிப்பு மாதிரி அமையவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை, இவரும் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

இரண்டு மாதம் ஓடியது. சாயந்திர வேளையில் மேல் போர்ஷனிலிருந்து ஒரு 'உர்ர்' சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தம்பி மனைவி தையல் மிஷினுக்கு மோட்டார் போட்டிருக்கிறாள் போலிருக்கிறது என்று கண்டக்டர் நினைத்தார். தம்பிதான் மோட்டார்காரன் ஆயிற்றே.

ஒரு நாள் காலை மனைவி குளிக்கப் போகத் தாமதமானது. ஏதோ தேடுகிறேன் என்று கூடத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள். கண்டக்டர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் கதவைச் சாத்திய பிறகு, மடித்த துணியை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டு ஓடினார். மாடிக் கதவைத் தள்ளும்போது மணி ஆறு ஐம்பது.

தொட்டிக் குழாயடியில் தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடைக்குள் இஸ்திரி போட்ட மாதிரி மடித்த துணி, அடுக்கடுக்காக. மேலாக இருந்த ஒரு சட்டையை எடுத்தான், உதறிப் பிரித்தான், வாளித் தண்ணீரில் முக்கினான். சட்டை முதலில் உப்பிக்கொண்டு மிதந்தது. தலையைப் பிடித்து அமுக்குகிற மாதிரி அதை அமுக்கினான்.

கண்டக்டர் கையிலிருந்த வாளி 'டங்' என்று தரையில் விழுந்தது. தம்பி திரும்பினான். உருண்ட வாளியிலிருந்து மடித்த துண்டு, மடித்த பனியன், மடித்த தலையணை உறை எல்லாம் வெளியே வந்தன. ஒன்றில்கூட ஒரு பொட்டு ஈரம் இல்லை.

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். எதிர் வீட்டுப் பல் டாக்டர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

மூன்று வருடமாகக் கண்டக்டர் தம்பியிடம் பேச வேண்டிய முதல் வார்த்தைகளை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். கௌரவமான வார்த்தைகள். அதில் ஒன்றுகூட அப்போது வரவில்லை.

"உங்க வீட்லயும் வாங்கிட்டாங்களா?" என்றார்.

தம்பி ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "நாலு மாசமாச்சு."

"நாலு மாசமா?" கண்டக்டர் கணக்குப் போட்டார். இவரைவிட இரண்டு மாதம் கூடுதல். "நாலு மாசமாவா காஞ்ச துணியை நனைச்சுக்கிட்டு இருக்கே?"

"அஞ்சரைக்கு எங்க பாத்ரூம்லயே நனைச்சுடுவேன். இன்னைக்கு எங்க தொட்டியில தண்ணி ஏறலை, மோட்டார் ரிப்பேர்."

"மோட்டார் ரிப்பேரா? உன் வீட்லயா?"

"சிரிக்காதே அண்ணா."

அண்ணா. அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. கண்டக்டருக்குக் கண் கலங்கியது. தரையில் கிடந்த துண்டை எடுத்தார், இந்த முறை அது துண்டுதான், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன்டா இப்படிக் கஷ்டப்படறே? சும்மா வந்து நிக்க வேண்டியதுதானே?"

"வெறும் கையோட வந்தா நீ என்ன நினைப்பே?" என்றான் தம்பி. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றபோதும் இப்படித்தான் தரையைப் பார்த்தான்.

கண்டக்டரின் நாக்கில் இருந்த பூட்டு அப்போதுதான் விட்டது. "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. மன்னிச்சுடு. நீ டிக்கெட் எடுக்காம ஏறினவன் இல்ல. உனக்காகத்தான்டா நான் வண்டியே ஓட்டினேன்."

"நீ எங்க ஓட்டினே? டிரைவர்தான் ஓட்டினாரு" என்றான் தம்பி. சொல்லும்போதே குரல் உடைந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தூறல் போட ஆரம்பித்தது. கீழே இருந்து கண்டக்டர் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, மழை வருது! துணியை எடுங்க!"

"நனையட்டும்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பிறகு படிக்கட்டில் அவர் மனைவியும் தம்பி மனைவியும் பேசிக்கொள்வது கேட்டது.

"பேசிட்டாங்க போலிருக்கே அக்கா."

"அப்பாடா. நாலு மாசமா நீயும் ரெண்டு மாசமா நானும் ஒண்ணுமே தெரியாத மாதிரி நடிச்சதுக்கு இன்னைக்குத்தான் விடிஞ்சுது. குளிக்கப் போறேன்னு போய், தண்ணியைத் திறந்து விட்டுட்டுக் கதவிடுக்கு வழியா பார்த்துக்கிட்டே நிப்பேன் தெரியுமா? காலைல நீ மோட்டார் வயரைப் பிடுங்கினது நல்ல யோசனை."

கண்டக்டரும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அசடு வழிந்ததை மழை கழுவிக்கொண்டு போனது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குக் கண்டக்டர் வெறும் கையோடு மாடி ஏறினார். தம்பி முன்னாடியே வந்து, வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தான்.