இன்னும் டைட்டாக இருக்கும் ஸ்டியரிங்

எங்கள் பழைய ஸ்டேஷன் வேகனின் ஸ்டியரிங்கைத் திருப்பவே முடியவில்லை என்று என் கணவர் புலம்பத் தொடங்கினார். பொம்மசந்திராவில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு, பவர் ஸ்டியரிங் ஆயிலை மாற்றினோம். பெல்ட்டையும் மாற்றினோம். "இன்னும் டைட்டாதான் இருக்கு" என்றார் கணவர். கடைசியில் பம்பையே புதிதாகப் போட்டோம்.

"இனிமேலாவது சும்மா குறை சொல்லாம ஓட்டுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

வண்டியை எடுக்கப் போனபோது மெக்கானிக், "பாருங்க மேடம், பட்டர் மாதிரி இருக்கு" என்று ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினார். கணவர் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினார். பாதி திரும்புவதற்குள் இடது கை நழுவி மடியில் விழுந்தது. அதைத் தூக்கப் பார்த்தார். முடியாமல் என்னைப் பார்த்தார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நரம்பு வியாதி, போன பலம் இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். நேற்று அத்திபெலே பக்கம் யூ-டர்ன் எடுக்கும்போது, பக்கத்து சீட்டிலிருந்து கேட்டார்.

"இன்னும் டைட்டாவா இருக்கு?"

ஸ்டியரிங் பூப்போலச் சுழன்றுகொண்டிருந்தது. சட்டென்று இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க. எனக்கே கை வலிக்குது."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சிரித்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.