கண்ணை மட்டும் விட்டுட்டு

மகளுக்கு ஏழு வயதானபோது சுபாங் ஜெயாவில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் மண்டபத்தில் சேர்த்தேன். முதல் நாள், கிள்ளானில் என் அப்பா தமிழ்ப்பள்ளி வாத்தியாரிடம் சொன்னதையே நானும் பயிற்சியாளரிடம் சொன்னேன். "கோச், கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க. நான் ஒன்னும் கேக்க மாட்டேன்." அந்த அம்மாள் சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளையை ஒப்படைக்கும்போது அப்படிச் சொல்வதுதான் எங்கள் வீட்டில் மரியாதை. என் கையைப் பிடித்து நின்றவள் மட்டும் சிரிக்கவில்லை.

பெற்றோர் உள்ளே போகக் கூடாது. உள்ளே தெரியாதபடி கண்ணாடிக் கதவில் தாள் ஒட்டியிருப்பார்கள். நான் வெளியே உட்கார்ந்து மற்ற அம்மாக்களோடு நாடகக் கதை பேசுவேன். உள்ளிருந்து அழுகை கேட்கும். "கால் விரிக்கறப்போ எல்லா பிள்ளையும் அழும் லா ஆன்டி," என்பாள் முகப்பில் இருக்கும் பெண். நம்பினேன். மெடல் வந்துகொண்டிருந்தது, நம்ப என்ன கஷ்டம்? மகளிடம் தொடையில் ஏன் கன்றியிருக்கிறது என்று கேட்டால், "பார்ல இடிச்சிக்கிட்டேன்மா" என்பாள். பிறகு சோற்றை ஒதுக்க ஆரம்பித்தாள். பதின்மூன்று வயதில் இடுப்பு வலி தாங்காமல் பயிற்சியிலிருந்து நின்றேவிட்டாள்.

இப்போது அவளுக்குப் பதினாறு. வேறொரு அம்மா புகார் கொடுத்ததில் அந்தக் கோச்சை விலக்கிவிட்டார்கள். கதவில் தாள் இல்லை. எடை பார்க்கும் இயந்திரம் இல்லை. பெற்றோர் உள்ளேயே உட்காரலாம். பழைய பிள்ளைகளிடம் நடந்ததைக் கேட்க ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மகளை அழைத்துப் போனேன். "நீங்க வெளிய இருங்கம்மா," என்றாள். அதே நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும் வழியில், நெரிசலில் கார் நின்றபோது தானாகவே சொன்னாள். கால் தரையைத் தொடும்வரை கோச் முதுகில் ஏறி உட்கார்ந்தது, எல்லாரும் பார்க்க எடை போட்டுக் கேலி செய்தது, மரக்கோலால் தொடையில் அடித்தது. கோச்மீது வந்த ஆத்திரத்தை அவள்மீதே கொட்டினேன், பாவி.

"ஆறு வருஷம் வாயத் திறக்கலையேடி. சொல்லியிருந்தா அவள உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேனே."

"நீங்கதானம்மா கேக்க மாட்டேன்னு சொன்னீங்க." குரலில் கோபமே இல்லை. "அடி விழறப்போ கண்ண மூடிக்குவேன். கண்ண மட்டும் விட்டுருவாங்கன்னு தெரியும்."

பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை.

மறுநாள் தனியாக அந்தக் குழுவிடம் போய், புகார் எழுதும் பாரம் ஒன்று கேட்டேன். கோச்சிடம் முதல் நாள் நான் சொன்னதை, ஒரு சொல் விடாமல் எழுதினேன். குழுவிலிருந்த பெண் படித்துவிட்டுத் தயங்கினார்.

"இது புகார்ல சேராதுங்க, அக்கா."

"சேத்துக்குங்க," என்றேன். "அனுமதி குடுத்தது நான்தான்."